சுட்டதும் டாங்க் ஆடுகிறது: ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் கேமில் சஸ்பென்ஷன் செட்டிங் உதவி தேவை

ஸ்மால் கிரிட் (சின்ன பிளாக்குகளால் கட்டும் வகை) டாங்க். எடை 38,000 கிலோ, பக்கத்துக்கு ஐந்து 3x3 சக்கரம். டரட்டை (குழல் இருக்கும் சுழல் மேடை) ரோட்டார் (சுழலும் மூட்டு), ஹிஞ்ச் (மடங்கும் மூட்டு) வைத்து, அவற்றை இயக்கும் கஸ்டம் டரட் கன்ட்ரோலர் பிளாக்கில் ஓட்டுகிறேன். குழல், ஒற்றை அசால்ட் கேனன். சோதித்த இடம் பூமி மாதிரிக் கிரகம், உறைந்த ஏரியின் சமதளம்.

நேராகச் சுட்டால் முகப்பு தூக்கி, மூன்று தடவை ஆடி, இரண்டு நொடி கழித்துத்தான் அடங்குகிறது. குழலைப் பக்கவாட்டில் திருப்பிச் சுட்டால் இன்னும் மோசம். அகலம் நீளத்தில் பாதிதான், அதனால் அது எதிர்பார்த்ததே. இரண்டாவது குண்டு எப்போதும் இலக்குக்கு மேலே போகிறது.

சஸ்பென்ஷன் ஸ்ட்ரெங்த் (ஸ்பிரிங் விறைப்பு) 20 சதவீதத்தில் வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது. 45-க்கு ஏற்றினால் ஆட்டம் குறைகிறது, ஆனால் சின்ன மேட்டில்கூடத் துள்ளி, சக்கரம் தரையை விடுகிறது. ஆட்டத்தை அடக்கும் டாம்பிங்குக்குத் தனி ஸ்லைடர் இல்லாததுதான் தலைவலி. ஹைட் ஆஃப்செட்டை மாற்றி வயிற்றைத் தரைக்கு நெருக்கமாக இறக்கியதில் கொஞ்சம் பலன். ஃபிரிக்ஷன் 60-லிருந்து 90: பின்னால் வழுக்குவது நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. நான்கு கைரோ (வண்டி சாய்வதைத் தடுக்கும் பிளாக்) போட்டால் நன்றாக அடங்குகிறது, ஆனால் சரிவில் வண்டி தரையோடு படியாமல் விறைத்து நிற்கிறது. ரோட்டாரில் ஷேர் இனர்ஷியா டென்சர் (இணைந்த பாகங்களின் சுழல் நிலைமத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஆப்ஷன்) போட்டதும் டரட் திரும்பும்போது முழு வண்டியும் நடுங்கியது, எடுத்துவிட்டேன். பேட்டரி, குண்டுப் பெட்டி எல்லாம் ஏற்கெனவே அடித்தளத்தில்தான்.

முன், பின் கோடிச் சக்கரங்களுக்கு மட்டும் ஸ்ட்ரெங்த் கூட்டி, நடு மூன்றையும் மென்மையாக விட்டால் இந்த ஆட்டம் அடங்குமா? அப்படி ஓட்டுபவர்கள் எந்த விகிதத்தில் வைத்திருக்கிறீர்கள்?