ஊழியர் லாகினில் மட்டும் எக்ஸெல் சேவ் ஆகவில்லை, போட்ட பில்லும் காணவில்லை: அட்மின் உரிமை கொடுக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

குமுளி கணக்குப்பிள்ளை

வணக்கம். குமுளியில் ஏலக்காய் வியாபாரக் கடை. போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் எடுக்கும் சரக்குக்குப் பில், ஈ-வே பில் (சரக்கு வண்டியில் போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) எல்லாம் இங்கேதான் போடுகிறோம். மெஷின் ஒன்றுதான். விண்டோஸ் 10 64 பிட், ஆபீஸ் 2010 32 பிட். கூடவே ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர், அது சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 ஃபோல்டருக்குள் இருக்கிறது. பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்தபிறகு, முதலாளி லாகினை மட்டும் அட்மினாக வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் யூசர் லாகின் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வரும் தொல்லைகள்:

டி டிரைவில் உள்ள கணக்கு ஃபோல்டரில் எக்ஸெல் ஷீட் திறக்கிறது, திருத்த விடுகிறது. சேவ் கொடுத்தால் ‘டாக்குமென்ட் நாட் சேவ்ட்’ என்கிறது. ஃபோல்டரில் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்கள் சேருகின்றன. அதே ஃபோல்டரில் நோட்பேட் ஃபைல் மட்டும் ஒழுங்காக சேவ் ஆகிறது.

வேர்டு திறக்கும்போதெல்லாம் ‘கான்ஃபிகரிங்’ என்று ஒரு பட்டை ஓடி, கடைசியில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது.

ஈ-வே பில்லை மொத்தமாகத் தயாரிக்கும் எக்ஸெல் ஷீட்டில் மேக்ரோ (பட்டனை அமுக்கினால் வேலையைத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பு) முதலாளி லாகினில் ஓடுகிறது, எங்கள் லாகினில் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது, நாங்கள் போடும் பில் முதலாளி லாகினில் தெரிவதே இல்லை. எங்கள் லாகினில் திறந்தால் எல்லாம் இருக்கிறது. பில்லே போடவில்லை என்று அவர் நினைக்கிறார்.

எல்லாரையும் அட்மின் ஆக்கிவிடு என்று பக்கத்துக் கடையில் சொல்கிறார்கள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கம்பம் சர்வீஸ்காரர்

தம்பி, முதலில் பில் போடுவதை நிறுத்துங்க. மற்ற மூன்றும் வேலையைத் தடுக்கிற கோளாறு, இது மட்டும்தான் கணக்கைக் கெடுக்கிற கோளாறு.

நடப்பது இதுதான். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஸ்டாண்டர்ட் யூசர் எதையும் எழுத முடியாது. இது தெரியாமல் அந்தக் காலத்தில் எழுதிய 32 பிட் சாஃப்ட்வேர்கள் நின்றுபோகாமல் இருக்க, விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எழுத வரும் ஃபைலை மறித்து, அந்த லாகினுக்கு மட்டும் தனி நகல் போட்டு அதில் எழுத விட்டுவிடும். சாஃப்ட்வேருக்கு இது தெரியாது, எர்ரரும் வராது. அந்த நகல் இருக்கும் இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் லாகின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணினால் தெரியும். அதனுள்ளே புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86, அதனுள்ளே உங்கள் பில்லிங் ஃபோல்டர், டேட்டா ஃபைல் எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

உறுதிப்படுத்த: உங்கள் லாகினில் பில்லிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் போங்க. தலைப்பு வரிசையில் ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், அதில் ‘யூஏசி விர்ச்சுவலைசேஷன்’ டிக் பண்ணுங்க. பில்லிங் வரிசையில் ‘எனேபிள்ட்’ என்றிருந்தால் இதேதான். எக்ஸெல் வரிசையைப் பாருங்க, அங்கே ‘டிஸேபிள்ட்’ என்றிருக்கும். அதனால்தான் எக்ஸெல் முகத்துக்கு நேரே முடியாது என்கிறது, பில்லிங் மட்டும் சரி சரி என்று வேறெங்கோ எழுதுகிறது.

ஆளுக்கொரு நகல் என்பதால் உங்களிடம் இப்போது மூன்று கணக்கு இருக்கக்கூடும்: முதலாளியுடையது, உங்களுடையது, இன்னொருவருடையது. மூன்று இடத்து டேட்டா ஃபைலையும் ‘டேட் மாடிஃபைட்’ தேதியோடு குறித்துக்கொண்டு, மூன்றையும் தனித்தனி ஃபோல்டரில் பென்டிரைவுக்குக் காப்பி எடுங்க. ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டிவிடாதீங்க. புதிய தேதி இருப்பதுதான் சரி என்று ஓவர்ரைட் பண்ணினால், மற்ற லாகினில் போட்ட பில் அத்தனையும் போச்சு.

சித்தூர் (பாலக்காடு) நெட்வொர்க்

எக்ஸெல் பற்றி நான் சொல்கிறேன். நோட்பேட் சேவ் ஆகிறது, எக்ஸெல் ஆகவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது.

நோட்பேட் இருக்கிற ஃபைலின் மேலேயே எழுதும். எக்ஸெல் அப்படி இல்லை. அதே ஃபோல்டரில் கண்டபடி ஒரு பெயரில் தற்காலிக ஃபைல் போட்டு, முழுக்க அதில் எழுதி முடித்து, பழைய ஃபைலை அழித்து, தற்காலிக ஃபைலுக்குப் பழைய பெயரை வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பிழைக்கட்டும் என்பதற்கான முறை. ஆகவே ஃபோல்டரில் எழுதும் உரிமை மட்டும் போதாது, அழிக்கும் உரிமையும் வேண்டும். விண்டோஸில் ‘ரைட்’ என்ற டிக்கில் டிலீட் சேராது, ‘மாடிஃபை’ டிக்கில்தான் சேரும். நீங்கள் பார்க்கும் எட்டெழுத்து ஃபைல்கள் பாதியில் நின்றுபோன சேவ்கள். அவற்றை இப்போதே அழிக்க வேண்டாம். நகல் எடுத்து எக்ஸெல் எக்ஸ்டென்ஷன் வைத்துத் திறந்து பார்த்தால், சேவ் ஆகாமல் போனதாக நினைத்த திருத்தம் அதில் இருக்கலாம்.

முதலாளி லாகினில்: டி டிரைவ் கணக்கு ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட். ‘யூசர்ஸ்’ வரிசையைத் தேர்ந்து கீழே அலவ் பக்கத்தில் மாடிஃபை டிக் பண்ணி ஓகே கொடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ வேண்டாம். அது கொடுத்தால் ஊழியர் லாகினிலிருந்தே பர்மிஷனை மாற்றிவிட முடியும், அந்த லாகினில் புகுந்த வைரஸும் மாற்றும்.

குமுளி கணக்குப்பிள்ளை

நன்றி சார். யூசர்ஸ் வரிசையில் ரீட், ரைட் மட்டும்தான் டிக் ஆகியிருந்தது. மாடிஃபை கொடுத்ததும் எக்ஸெல் சேவ் ஆகிறது. ஆனால் முதலாளி தன் டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துப் போட்ட விலைப்பட்டியல் ஷீட்டை மட்டும் திறக்கவே முடியவில்லை, ‘ஆக்சஸ் டினைட்’. கடையில் அவருடைய டெஸ்க்டாப் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள்.

சித்தூர் (பாலக்காடு) நெட்வொர்க்

ஒரே டிரைவுக்குள் ஃபைலைக் கட் பேஸ்ட் செய்தாலோ இழுத்துப் போட்டாலோ அது தன் பழைய பர்மிஷனோடு வரும். முதலாளி டெஸ்க்டாப்பில் அவருக்கு மட்டும் என்றிருந்தது இங்கேயும் அப்படியே நிற்கிறது. காப்பி பேஸ்ட் செய்தால் புது ஃபைல் என்பதால் வந்து சேர்ந்த ஃபோல்டரின் பர்மிஷனை எடுத்துக்கொள்ளும். ஏற்கனவே வந்துவிட்ட ஃபைல்களுக்கு: கணக்கு ஃபோல்டர், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, கீழே ‘ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்’ என்று தொடங்கும் வரியை டிக் பண்ணி அப்ளை. உள்ளே இருப்பது எல்லாம் ஃபோல்டரின் உரிமைக்கு வந்துவிடும். ஊழியர் பார்க்கக் கூடாத சம்பளப் பட்டியல் போன்றவை அந்த ஃபோல்டரில் இருந்தால் அப்ளைக்கு முன்பே வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள், பிறகு அவையும் திறந்துவிடும்.

இனிமேல் முதலாளியிடம் காப்பி பண்ணச் சொல்லுங்கள்.

தேனி ஆபீஸ் உதவியாளர்

வேர்டு பட்டை: முதலாளி லாகினில் ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போங்க. வேர்டு திறந்த நேரத்தில் சோர்ஸ் ‘எம்எஸ்ஐஇன்ஸ்டாலர்’, எண் 1001, 1004 என்று எச்சரிக்கைகள் இருக்கும். 1004இன் கடைசியில் எந்த ஃபைல் அல்லது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் பதிந்து வைக்கும் இடம்) சாவி இல்லை என்று பாதையோடு எழுதியிருக்கும். அதைத் தேடிப்போய்த்தான் இன்ஸ்டாலர் ஓடுகிறது, அதற்குத்தான் அட்மின் கேட்கிறது.

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, ஆபீஸ் போடும்போது சில பகுதிகளை ‘இன்ஸ்டால்ட் ஆன் ஃபர்ஸ்ட் யூஸ்’ என்று விட்டிருப்பார்கள். அதாவது முதல்முறை தேவைப்படும்போது போட்டுக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் லாகினில் அந்த முதல்முறை முடியாமல் நின்றுவிடலாம். முதலாளி லாகினில் கன்ட்ரோல் பேனல், புரோகிராம்ஸ், ஆபீஸ், சேஞ்ச், ‘ஆட் ஆர் ரிமூவ் ஃபீச்சர்ஸ்’ போய், மேலே உள்ள மூல வரியையே ‘ரன் ஆல் ஃப்ரம் மை கம்ப்யூட்டர்’ ஆக்கிவிட்டுத் தொடருங்க. பிறகு அதே இடத்தில் ரிப்பேர் ஒருமுறை. ஆபீஸ் சிடி கையில் வைத்துக்கொள்ளுங்க, கேட்டாலும் கேட்கும்.

இரண்டு, ஒரே மெஷினில் இரண்டு ஆபீஸ் பதிப்பு. வேர்டு 2007ம் 2010ம் சேர்ந்திருந்தால் திறக்கும்போதெல்லாம் ‘நான்தான் முதன்மை’ என்று தன்னைப் பதிந்துகொள்ளப் பார்க்கும். பழையது தேவையில்லை என்றால் எடுத்துவிடுவதே நல்லது. இருக்கத்தான் வேண்டும் என்றால் ஊழியர் லாகினிலேயே ரெஜ்எடிட் (ஸ்டார்ட் மெனுவில் regedit என்று ஆங்கிலத்தில் அடிக்கவும்) திறந்து கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபீஸ், 14.0, வேர்டு, ஆப்ஷன்ஸ் வரை போய், ‘நோரீரெஜ்’ (NoReReg) என்ற பெயரில் டிவேர்டு மதிப்பு 1 வையுங்க. 2007க்கு 12.0. ஸ்டாண்டர்ட் லாகினில் ரெஜ்எடிட் பாஸ்வேர்டு கேட்காமலேயே திறக்கும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால் கரன்ட் யூசர் என்று காட்டுவது முதலாளியுடையது. மாற்றம் அவர் பக்கம் போய் உட்காரும், உங்களுக்குப் பலன் இராது.

மேக்ரோவும் இதே கதைதான். மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ கொடுத்த சம்மதம் லாகினுக்கு லாகின் தனி. முதலாளி கொடுத்தது உங்களுக்குச் செல்லாது. ஷீட்டை மூடிவிட்டு அந்த ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’ இருந்தால் டிக் பண்ணுங்க. அது இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல் என்ற முத்திரையை எடுக்கும். பிறகு உங்கள் லாகினில் திறந்து எனேபிள் கொடுங்க. அடுத்து புது ஆபீஸுக்கு மாறினால் இதை மறக்காதீங்க: இறக்கிய ஃபைல் மேக்ரோவை 2022 முதல் அங்கே அடியோடு தடுக்கிறார்கள். சிவப்புப் பட்டை வரும், எனேபிள் பட்டனே இருக்காது. அங்கே அன்பிளாக் செய்துவிட்டுத் திறக்க வேண்டும். அரசு தளத்திலிருந்து நேரே இறக்கிய ஷீட்டுக்கு மட்டும் இதைச் செய்யுங்க, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதற்குச் செய்யாதீங்க.

செங்கோட்டை பயனர்

இவ்வளவு எதற்கு? பில்லிங் ஷார்ட்கட்டில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக் பண்ணி, பாஸ்வேர்டை ஊழியரிடம் கொடுத்தால் முடிந்தது.

கம்பம் சர்வீஸ்காரர்

வேண்டாம் அண்ணே. பாஸ்வேர்டு கொடுத்தால் ஸ்டாண்டர்ட் லாகின் வைத்ததற்கே அர்த்தமில்லை, பென்டிரைவ் வைரஸும் அதே வழியாகத்தான் மேலே ஏறும். தவிர, அப்படித் திறக்கும் பில்லிங் முதலாளி ஆளாக ஓடும். டீஃபால்ட் பிரின்டர் அவருடையது, நெட்வொர்க் டிரைவ் எழுத்து அவருடையது. பில் இங்கே போட்டால் தாள் வேறு பிரின்டரில் வரும்.

குமுளி கணக்குப்பிள்ளை

வேர்டு சரியாகிவிட்டது, ஃபர்ஸ்ட் யூஸ் சமாச்சாரம்தான். மேக்ரோவும் ஓடுகிறது. அண்ணே, விர்ச்சுவல்ஸ்டோர் எங்கள் இரண்டு லாகினிலும் இருக்கிறது. மூன்று நகலும் பென்டிரைவில் எடுத்தாச்சு. பில்லிங்கின் டேட்டா ஃபோல்டருக்கு மாடிஃபை கொடுத்தும் பழைய கணக்கையேதான் காட்டுகிறது.

கம்பம் சர்வீஸ்காரர்

காட்டும். பர்மிஷன் கொடுத்தாலும், விர்ச்சுவல்ஸ்டோரில் நகல் இருக்கிறவரைக்கும் படிக்கும்போது முதலில் அதைத்தான் எடுக்கும். பில்லிங்கை மூடிவிட்டு, இரண்டு லாகினிலும் விர்ச்சுவல்ஸ்டோருக்குள் இருக்கும் பில்லிங் ஃபோல்டரின் பெயர் முன்னால் ‘பழையது’ என்று சேர்த்துவிடுங்க. அழிக்க வேண்டாம். இப்போது திறந்தால் மூன்று லாகினிலும் ஒரே கணக்கு தெரிய வேண்டும். தெரிகிறதா என்று பார்க்க, உங்கள் லாகினில் சோதனைக்கு ஒரு கஸ்டமர் பெயர் சேர்த்து, முதலாளி லாகினில் தேடிப் பாருங்க. பில் போட்டுச் சோதிக்காதீங்க, எண் வீணாகும்.

மாடிஃபை டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் இருக்கட்டும். சாஃப்ட்வேரின் ஈஎக்ஸ்இ (அதை ஓடவைக்கும் ஃபைல்) இருக்கும் ஃபோல்டருக்குக் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்க. ஊழியர் லாகினில் வந்த வைரஸ் அந்த ஈஎக்ஸ்இயை மாற்றி வைத்தால், அடுத்து முதலாளி திறக்கும்போது அட்மின் உரிமை அதன் கைக்குப் போகும். டேட்டாவை வேறு டிரைவில் வைக்க சாஃப்ட்வேரின் செட்டிங்கில் இடம் இருந்தால் டி டிரைவுக்கு மாற்றுவது இதைவிட நல்லது.

இனி கணக்குச் சேர்ப்பு. மூன்று நகலும் ஒரே எண்ணிலிருந்து பிரிந்து தனித்தனியாக ஓடியிருப்பதால், ஒரே பில் எண் இரண்டு, மூன்று வியாபாரிகளுக்குப் போயிருக்கும். ஜிஎஸ்டி விதி 46இன்படி ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒருமுறைதான் வரலாம். லாகின் பிரித்த தேதியிலிருந்து ஒவ்வொரு நகலின் பில் பட்டியலையும் எக்ஸெலில் எடுத்து, எண், தேதி, வியாபாரி, தொகை, ஈ-வே பில் எண் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண் மோதுகிற வரிகளுக்கு மட்டும் நிறம் போடுங்க. மோதாதவற்றை முதன்மைக் கணக்கில் அதே எண், அதே தேதியில் ஏற்றலாம். மோதுகிறவற்றின் எண்ணை நீங்களாக மாற்றாதீங்க. வெளியே போன பில், அதோடு சரக்கும் போயிருக்கிறது. பட்டியலை ஆடிட்டரிடம் கொடுத்து, அந்த மாத ரிட்டர்ன் போடும் முன்பே அவர் சொல்கிறபடி செய்யுங்க.

குமுளி கணக்குப்பிள்ளை

சோதனைக் கஸ்டமர் மூன்று லாகினிலும் தெரிகிறது அண்ணே. பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எண் மோதுவது இருக்கிறது, ஆடிட்டரிடம் பேசியாச்சு, நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.