1500-ஆ 3000-ஆ? மதுராந்தகம் தோட்டத்துக்கு ஜெனரேட்டர்

டீசல்பித்தன்: "பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குங்கள், பேரன் காலம் வரை உழைக்கும்" என்று நேற்று ஒருவர் இங்கே அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். கேட்டவரோ மதுராந்தகம் பக்கம் லைன் வராத தோட்டத்தில் சோலார் போட்டுக் குடியேறப் போகிறவர். ஐயா, அது 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், கத்திக்கொண்டு ஓடுகிற சாமான். டீசலில் 1500 ஆர்பிஎம் எடுங்கள். பாதி வேகம், பாதித் தேய்மானம்.

வேளச்சேரிவாசி: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வாங்கியது. மறுவருடம் டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது தெருவே எங்கள் வீட்டில்தான் செல்போன் சார்ஜ் போட்டது. இன்றும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது.

டீசல்பித்தன்: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பீரோவில் மடித்து வைத்தால் கல்யாணப் பட்டும்தான் முப்பது வருடம் வரும். 1500.

வேளச்சேரிவாசி: நமக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் காந்த முனை (pole) இரண்டு இருந்தால் 3000, நாலு இருந்தால் 1500. வெறும் கணக்கு, இதில் என்ன தெய்வீகம்?

டீசல்பித்தன்: கணக்கு ஆல்டர்னேட்டருக்கு. இன்ஜினுக்குள் உரசும் பிஸ்டன் ரிங்குக்கு? உரசுகிற தடவைக்கு ஏற்ற தேய்மானம். போர்வெல் மோட்டார் 1 எச்பிதான் என்றாலும் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். உங்கள் பெட்டி மூச்சு முட்டி நின்றுவிடும்.

பட்டறைக்காரன்: குறுக்கே ஒரு வார்த்தை. பெரிய டீசல் செட்டை வாங்கி இரண்டு ஃபேனுக்கும் ஒரு லைட்டுக்கும் ஓட்டாதீர்கள். லோடு 30 சதவீதத்துக்குக் கீழேயே கிடந்தால் டீசல் முழுதாக எரியாது, சைலன்சரில் கறுப்பாக ஒழுகும். அம்பத்தூரில் இப்படி மூன்று செட் பிரித்திருக்கிறேன். மூன்றும் 1500.

டீசல்பித்தன்: நான் சொன்னது சரியான லோடில் ஓடும் 1500. படித்துவிட்டு எழுதுங்கள் அண்ணா.

வேளச்சேரிவாசி: லோடு என்ற சொல்லையே இப்போதுதான் சேர்க்கிறீர்கள். போன வருடம் பேட்டரி சண்டையிலும் இதே வேலை. டியூபுலர், டியூபுலர் என்று ஈய-அமில பேட்டரிக்குக் குதித்துவிட்டுச் சத்தமில்லாமல் லித்தியம் வாங்கினீர்கள்.

டீசல்பித்தன்: லித்தியம் வாங்கியது என் மச்சான்.

சொல்லேருழத்தி: 'மின்னாக்கி' என்று அழகான சொல் இருக்கிறது. ஒருவர் வாயிலும் வரவில்லை.

பட்டறைக்காரன்: கார்பரேட்டருக்கும் ஒன்று கொடுங்கள் அம்மா, புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கிறேன்.

சொல்லேருழத்தி: சிலிண்டருக்கு 'உருளை' கொடுத்தேனே, அதைக் கேட்டீர்களா?

பட்டறைக்காரன்: கேட்டேன். காய்கறிக் கடைக்குக் கை காட்டினார்கள்.

தோட்டத்தான்: கேள்வி கேட்டவன் நான்தான். மோட்டார் சோலாரிலேயே ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வானம் மூடினால் பேட்டரி ஏற்ற மட்டும்தான் எனக்கு ஒன்று வேண்டும்.

டீசல்பித்தன்: அது இருக்கட்டும் சார். மாதக்கணக்கில் சும்மா நின்றால் பெட்ரோல் கெட்டு, அதைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும், அதைப் பற்றி வேளச்சேரியார் வாயே திறக்கவில்லை.

வேளச்சேரிவாசி: பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடத் தெரிந்தவனுக்கு அடைக்காது. தெரியாதவனுக்கு 1500-ம் அடைக்கும்.

டீசல்பித்தன்: டீசலில் ஏது கார்பரேட்டர்? இவர்தான் ஊருக்கு ஆலோசனை சொல்கிறார்!

பட்டறைக்காரன்: சரி தம்பி, உங்கள் வீட்டில் என்ன செட்?

டீசல்பித்தன்: நான் அபார்ட்மெண்டில் இருக்கிறேன், அது வேறு விஷயம். கீழே பொது ஜென்செட் இருக்கிறது. 1500.