சமையலறைச் சுவரில் புகைக்கறை: வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வருகிறார்

பெருந்துறைக்காரன்:
வணக்கம். இங்கே வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. நேற்றிரவு பள்ளிபாளையம் சிக்கனுக்கு எண்ணெயைக் காயவைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த அழைப்பில் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். சட்டியில் தீப்பிடித்து, மூடி போட்டு அணைப்பதற்குள் அடுப்புக்கு மேலுள்ள சுவர் கருத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்ததில் கறை இழுவி, இன்னும் பெரிதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் பார்வையிட வருகிறார். என்ன செய்வது?

பொள்ளாச்சி அக்கா:
தம்பி, எண்ணெய் காயும்போது அடுப்பை விட்டு நகரவே கூடாது. நான் வந்த புதிதில் தங்கியிருந்த பகிர்வு வீட்டில் கடுகு தாளித்தாலே புகைமணி அலறும் என்பதால், நான்கு மாதம் தயிர்ச்சோறும் ஊறுகாயுமாகவே காலம் தள்ளினேன்.

காங்கேயத்தான்:
கழுவி மெனக்கெடாமல் மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். எங்கள் அம்மிச்சி வீட்டில் விறகடுப்புப் புகையேறிய சுவருக்குப் பொங்கல்தோறும் சுண்ணாம்பு அடிப்போம், அவ்வளவுதான்.

கோபிக்காரர்:
சுண்ணாம்பு வேறு, இங்குள்ள பெயிண்ட் வேறு. நான் அப்படி இரண்டு பூச்சு அடித்தும் மூன்றாம் நாளே மஞ்சள் கசிந்து வெளியே வந்தது. மேலிருந்து கீழாக சோப்பு நீரால் கழுவுவதே சரி.

அவிநாசி:
தவறு. கீழிருந்து மேலாகத்தான் கழுவ வேண்டும்.

தாராபுரத்தான்:
எப்படிக் கழுவினாலும் முன்பணம் முழுதாக வராது. நான் காலி செய்தபோது மசாலா வாசம் என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வருவதற்கு முன்பே இருந்த பூஞ்சைக்கும் என்னிடமே காசு கேட்டார்கள்.

பொள்ளாச்சி அக்கா:
எங்களுக்கும் அதே கதைதான். திரைச்சீலையைக்கூட விடவில்லை.

ஈரோட்டுக்காரி:
சண்டையை நிறுத்திவிட்டு, எந்த நாடு, வாடகை வீடா, என்ன பெயிண்ட் என்று முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

பெருந்துறைக்காரன்:
மன்னிக்கவும், அக்கா. இங்கிலாந்து, வாடகை வீடு, பளபளப்பில்லாத வெள்ளைப் பெயிண்ட்.

ஈரோட்டுக்காரி:
அப்படியானால் முதலில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் வீட்டுக்காரருக்கு இன்றே எழுதிவிடுங்கள். 2019 வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை முன்பணப் பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் பதிந்திருக்கவும் வேண்டும் என்பதால், பிடித்தம் நியாயமில்லை என்றால் அங்கே முறையிடலாம்.

இனிச் சுவர். ஜன்னலைத் திறந்து, முகமூடியும் கையுறையும் அணிந்து, துளி ஈரமும் படாமல், கரியெடுக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக, தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்தெடுங்கள். அதன் முகம் கருத்ததும் திருப்பிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு மசியாது. அதற்குப் பெயிண்ட் கடையில் சுகர் சோப் கேளுங்கள் (பெயரில்தான் சர்க்கரை). அதை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மறைவான மூலையில் சோதித்த பிறகு, கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலே தொடங்கினால் வழியும் நீர் கரிபடிந்த சுவரில் கோடு போட்டுவிடும். கோபி அண்ணா சொன்ன மேலிருந்து கீழ் உலர் ஸ்பாஞ்சுக்குத்தான் பொருந்தும்; கழுவுவதற்கு அவிநாசி சொன்னதே சரி. பளபளப்பில்லாத பெயிண்ட் அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். பிளீச்சையும் அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; நச்சுவாயு கிளம்பும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகும் மஞ்சள் தெரிந்தால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, கறையடைக்கும் பிரைமர் பூசி அதன்மேல்தான் பெயிண்ட்.

பெருந்துறைக்காரன்:
எழுதிவிட்டேன், அக்கா. ஸ்பாஞ்சுக்குக் கரி நன்றாகவே வருகிறது. நான் ஈரத்துணியால் தேய்த்த இடம் மட்டும் அசையவில்லை.