டோக்கியோவில் ஒமகாசே சுஷி: போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஆம்பூர்_மெர்ச்சண்டைசர்:
வணக்கம். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் வேலை. அடுத்த மாதம் டோக்கியோ போகிறோம், அங்கே பையர் எங்களை ஒரு சின்ன சுஷி கடைக்குக் கூட்டிப்போகிறாராம், சின்னச் சோற்றுப் பிடி மேல் பெரும்பாலும் பச்சை மீன் வைத்துத் தருவார்களே, அது. கவுண்டரில் எட்டுப் பேர்தான் உட்காரலாம், மெனு கார்டே கிடையாது, மாஸ்டர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், ஒமகாசே என்கிறார்கள். எனக்கு மீன் என்றால் உயிர், ஆனால் புளி ஊற்றிக் கொதிக்கவைத்த குழம்புதான் பழக்கம். பச்சை மீன் வாயில் வைத்ததே இல்லை. வயிறு கெடுமா? பிடிக்காததை வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவாகிவிடுமா? கூட வரும் சீனியர் முஸ்லிம், மது கலந்த எதையும் தொடமாட்டார். இதையெல்லாம் பையரிடம் இப்போதே சொல்வதா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா?

காட்பாடி_டு_கசாய்:
இப்போதே சொல்லிவிடுங்கள் ப்ரோ, இன்றைக்கே மெயில் போடுங்கள். இந்த மாதிரி கடையில் அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் டொயோசு மார்க்கெட்டில் மீன் வாங்குவார்கள், வாங்கிய பிறகு உட்கார்ந்துகொண்டு இது வேண்டாம் அது வேண்டாம் என்றால்தான் சங்கடம். முன்கூட்டியே சொன்னால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சென்ட் போடாதீர்கள், இது முக்கியம், போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மீன் வாசனையும் தெரியாது, சோற்றில் கலந்த வினிகர் வாசனையும் தெரியாது. நேரத்துக்குப் போங்கள், பல கடைகளில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். மாஸ்டர் வைத்ததும் எடுத்துச் சாப்பிடுங்கள், போட்டோவுக்காக ஆறவிடாதீர்கள். கல்லிலிருந்து இறங்கிய தோசை மாதிரிதான், அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போதுதான் ருசி. கவனித்துப் பாருங்கள், அழுத்திப் பிடிக்காமல் உள்ளே காற்று விட்டுப் பிடிப்பார், தட்டில் வைத்ததும் லேசாக அமுங்கும். கையால் சாப்பிடலாம், ஒரே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சோயா சாஸை அவரே பிரஷ்ஷால் தடவித் தருவார், மறுபடி தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. இஞ்சி இரண்டு மீனுக்கு நடுவில் வாயைச் சுத்தம் செய்ய, மேலே வைத்துச் சாப்பிட அல்ல. மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் தடவும் வசாபி என்ற பச்சை விழுதின் காரம் ஒத்துவராது என்றால் 'சாபி நுகி' என்று சொல்லுங்கள், இல்லாமல் தருவார்.

பெரும்பாலும் வெள்ளை மீனில் தொடங்கி, சூரையின் சிவப்புச் சதை, அப்புறம் கொழுப்பு நிறைந்த வயிற்றுப் பகுதி, கடைசிப் பக்கம் விலாங்கு, முட்டை என்று போகும். அந்த வயிற்றுப் பகுதி வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

பேர்ணாம்பட்டு_பாய்:
சீனியர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். மீனில் பிரச்சினை இல்லை, மேலே தடவுகிற சோயாவில்தான் இருக்கிறது. அதில் பொதுவாக சாக்கே என்ற அரிசி மதுவும் மிரின் என்ற இனிப்பான சமையல் மதுவும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். விலாங்குக்குத் தடவும் இனிப்புச் சாறு, முட்டை, இரண்டிலும் மிரின் இருக்கும். காய்ச்சினால் போய்விடும் என்பார்கள், ஆனால் அவர் ஏற்பாரா என்று அவரையே கேளுங்கள். மீனை வெறும் உப்பும் எலுமிச்சையும் தடவித் தரமுடியுமா என்று மெயிலிலேயே கேட்கலாம், சில மாஸ்டர்கள் எப்படியும் சில மீனுக்கு அப்படித்தான் தருவார்கள்.

இன்னொன்று, ஹனஃபி, ஷாஃபி என்று மார்க்கச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, நம் பக்கம் ஹனஃபி குடும்பங்கள் நிறைய. அவர் ஹனஃபி என்றால் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி எதுவும் வேண்டாம் என்பார், இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி என்றால் அந்தக் கவலை குறைவு. 'ஹலால்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் அங்கே புரியாது. என்னென்ன ஆகாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

வேலூர்_ஃபுட்டெக்:
வயிறு பற்றி: பச்சை மீனில் பயப்படவேண்டியது அனிசாகிஸ் என்ற புழுவுக்கு. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும் என்பது ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லும் அளவு. ஆழ்கடலில் பிடிக்கும் சூரையைக் கப்பலிலேயே மைனஸ் 60 வரை உறையவைக்கிறார்கள். கானாங்கெளுத்தியை உப்பு, வினிகரில் ஊறவைத்துத் தருவார்கள், ஆனால் வினிகர் அந்தப் புழுவைக் கொல்லாது. நல்ல மாஸ்டர் கண்ணால் பார்த்து எடுத்துவிடுவார், ஆனாலும் முதல் தடவை என்றால் கானாங்கெளுத்தியை மட்டும் தவிர்க்கலாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி வந்தால் பச்சை மீன் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆம்பூர்_மெர்ச்சண்டைசர்:
ரொம்ப நன்றி. சீனியரிடம் கேட்டேன், ஹனஃபிதான், மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குடிக்க சாக்கே ஊற்றினால் என்ன செய்வது? டிப்ஸ் வைக்கவேண்டுமா?

காட்பாடி_டு_கசாய்:
டிப்ஸ் கிடையவே கிடையாது. சாக்கேக்குப் பதில் க்ரீன் டீ கேளுங்கள், தருவார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டே 'கம்பாய்' (சியர்ஸ்) சொல்லலாம். முடிந்து எழும்போது மாஸ்டரைப் பார்த்து 'கொச்சிசோசாமா தேஷ்டா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு வாங்க.