கபடி நடுவர்: போனஸ் தகராறுக்கு எங்கே நிற்பது?

செக்காலை விசில்:
காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் திருவிழாக் கபடிக்கு அம்பயராக நிற்கிறேன். முக்கால்வாசித் தகராறு போனஸில்தான் (ரெய்டர், அதாவது பாடிப் போகிறவர், எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் புள்ளி) வருகிறது. எங்கே நின்று பார்க்கணும்? முறையான நடுவர் ஆக என்ன வழி?

கண்டனூர் பி.டி.:
தம்பி, முதல்ல டேப்பை எடுங்க. ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். லாபி (பக்கவாட்டு ஓரப் பட்டை) பக்கத்துக்கு 1 மீட்டர், அந்தப் 10-க்குள்ளேயே அடக்கம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் (ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு), அதுக்கப்புறம் 1 மீட்டரில் போனஸ் லைன். கோட்டு அகலம் 3 முதல் 5 செ.மீ. நம்ம செம்மண்ணில் சுண்ணாம்பு நாலு ரெய்டில் கலைஞ்சு அரையடிக்கு விரிஞ்சிரும். அதுல போனஸ் சொன்னா எவன் ஒத்துக்குவான்? ஒவ்வொரு கோட்டு முனையிலும் களத்துக்கு வெளியே அடையாளம் வச்சுக்கிட்டு, இடைவேளையில் கயிறு பிடிச்சுத் திரும்பப் போடுங்க. ராத்திரி ஆட்டம்னா விளக்கு ஒரே பக்கம் இருக்கக் கூடாது. ரெய்டர் நிழல் கோட்டு மேல விழுந்து கண்ணை ஏமாத்தும்.

மூணாவது ரெய்டு:
நிற்கிற இடம்தான் விஷயம். ரெய்டர் இறங்கினதும் ஒரு அம்பயர் போனஸ் லைனுக்கு நேர்கோட்டில் வந்துடணும். இன்னொருவர் நடுக்கோட்டை விட்டு நகரக் கூடாது. சாய்வாகப் பார்த்தால், தாண்டாத காலும் தாண்டின மாதிரிதான் தெரியும். பார்க்க வேண்டியது முன்கால் மட்டுமில்லை: அது கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்கணும். அதுக்கும் முன்னாடி எதிரே ஆள் எண்ணணும், ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸே கிடையாது. இதை ரெய்டு தொடங்குமுன் எண்ணாமல், கூச்சல் கிளம்பின பிறகு எண்ணுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

செக்காலை விசில்:
நன்றிண்ணே. லாபியிலும் குழப்பம் வருதே?

மூணாவது ரெய்டு:
தொடுகை அல்லது பிடி விழுந்த பிறகுதான் லாபி திறக்கும். அதுக்கு முன்னாடி ரெய்டர் மிதிச்சா அவர் அவுட், பிடிக்கிறவர் மிதிச்சா இவர் அவுட். எது முதலில் நடந்ததுன்னு பார்க்க, கையையும் காலையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. இரண்டு அம்பயரும் முன்கூட்டியே பிரிச்சுக்கங்க. இருவரும் மாறுபட்டால் ரெஃப்ரி (அம்பயர்களுக்கு மேலான நடுவர்) சொல்வதே முடிவு.

கண்டனூர் பி.டி.:
ஸ்கோரரையும் கவனிங்க. அவுட் ஆன வரிசைப்படிதான் ஆள் உள்ளே வரணும். போனஸுக்கும், லோனாவின் (எதிரணி முழுக்க அவுட் ஆவது) 2 புள்ளிக்கும் அவுட் ஆன ஆள் உள்ளே திரும்ப முடியாது. ஊரில் இதைத்தான் சேர்த்து எண்ணி எட்டாவது ஆளை இறக்கிடுவாங்க.

மேலே போகணும்னா மாவட்டக் கபடிக் கழகத்தில் பேரைக் கொடுத்து, பள்ளிப் போட்டிகளில் ஸ்கோரராக உட்காருங்க. அப்புறம் மாநில, தேசிய அளவிலான நடுவர் தேர்வு. டிவியில் பார்த்த புரோ கபடி விதியையும் ஊர் விதியையும் மட்டும் கலக்காதீங்க. எந்த விதி, பாதிக்கு எத்தனை நிமிஷம்னு டாஸ் போடும்போதே இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு மைக்கில் சொல்லிருங்க. முழு ஆட்டம்னா ஆண்களுக்கு 20, இடைவேளை 5, மறுபடி 20.