கொய்யா சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வயிறு உப்புசம். நார்ச்சத்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

தெப்பக்குளத்துக்காரன்:
வயது 46. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். ராத்திரி சாப்பாடு வாரத்தில் நாலு நாள் புரோட்டா சால்னா, மறைத்து என்ன ஆகப்போகிறது. மலச்சிக்கல் பல வருடமாக உண்டு. போன மாதம் டாக்டரிடம் போனதற்கு, நார்ச்சத்து சேருங்கள், பழம் சாப்பிடுங்கள் என்றார். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூன்று கிலோ கொய்யா வாங்கி வந்து தினமும் ஐந்து, ஆறு என்று தின்றேன். மூன்றாம் நாள் வயிறு மத்தளம். கூட வேலை பார்க்கிற பையன் டேபிள் ஃபேனை வாசல் பக்கம் திருப்பி வைக்கிறான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரி என்னவோ, பழம் தின்றால்தான் குடலில் நல்ல பாக்டீரியா வளரும், விடாதீர்கள் என்கிறாள். அது உண்மையா? பழத்தை விட்டுவிட்டு ஜூஸாகக் குடித்தால் இந்தத் தொல்லை இருக்காதா?

லேப்_அக்கா:
அண்ணே, ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அளவுதான் தப்பு. 100 கிராம் கொய்யாவில் நார்ச்சத்து 5 கிராமுக்குக் குறையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று பொதுவாகச் சொல்வதே 25 முதல் 30 கிராம்தான். புரோட்டா மைதாவில் பேருக்குத்தான் நார் இருக்கும். அதைத் தின்று பழகிய வயிற்றில் ஒரே நாளில் ஆறு கொய்யாவை இறக்கினால் அது என்ன செய்யும்?

அண்ணி சொன்னது சரி. நாரைச் செரிக்கிற நொதி நம் உடம்பில் இல்லை. சிறுகுடலில் அப்படியே நழுவிப் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே இருக்கிற பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சுத் தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளை, இதிலெல்லாம் பெக்டின் என்று ஒரு நார் உண்டு. ஜாம் கெட்டியாவது அதனால்தான். தண்ணீரில் கரையும், பாக்டீரியா சீக்கிரம் நொதிக்க வைத்துவிடும். அப்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சில கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை அந்த பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன, அதாவது நாம் பாக்டீரியாவுக்குப் போடுகிறோம், அது நம் குடலுக்குத் திருப்பிப் போடுகிறது. நார் கிடைக்காவிட்டால் சில பாக்டீரியா குடலைக் காக்கிற சளிப்படலத்தையே தின்ன ஆரம்பிப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

நொதித்தால் வாயு வரத்தான் செய்யும். இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்க்கிறோமே, அதே கதைதான் உங்கள் வயிற்றுக்குள். பழகப் பழகக் குறையும். கரையாத நார் இன்னொரு வகை, தோலிலும் சதையிலும் இருப்பது. அது பெரும்பாலும் நொதிக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தைப் பருமனாக்கித் தள்ளும். தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் ஏற்றினால் இன்னும் இறுகிவிடும். கடையில் உட்கார்ந்தபடி எத்தனை டம்ளர் குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இனிமேல் ஒரு வாரம் தினமும் அரைப் பழம், அடுத்த வாரம் ஒன்று. அதோடு நிற்கட்டும். மீதி நாரைக் கீரை, அவரை, பயறு என்று சாப்பாட்டில் கொண்டு வாருங்கள்.

ஆயக்குடிப்_பக்கம்:
எங்களுக்குக் கொய்யாதான் பிழைப்பு, அதனால் நிறைய வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது :) ஆனால் ஒன்று கேட்கிறேன், ராத்திரி புரோட்டாவுக்கு மேலேயா தின்றீர்கள்? எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருபவர்கள் காலையில் செங்காயாகப் பறித்து உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்பார்கள், மென்று மென்று கால் மணி நேரம் ஆகும். நீங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கியிருப்பீர்கள். எங்கள் அப்பா விதையைத் துப்பாதே என்பார், அம்மா விதை தின்றால் வயிறு கட்டும் என்பார், இன்றைக்கு வரை தீர்ப்பு வரவில்லை.

வைகைக்கரை:
ஜூஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் தெருமுனை ஜூஸ் கடையில் நின்று பாருங்கள். பழத்தை மிக்ஸியில் அடித்து வலையில் ஊற்றி, கரண்டியால் அழுத்தித் தேய்த்துப் பிழிந்துவிட்டு, மிஞ்சின சக்கையை ஒரு நீல வாளியில் தட்டுவார். சாயங்காலம் அந்த வாளி அவர் வீட்டு ஆட்டுக்குப் போகிறது. 30 ரூபாய் கொடுத்து நீங்கள் குடிப்பது சர்க்கரைத் தண்ணீர், நார்ச்சத்தில் பெரும்பங்கு ஆட்டுக்கு. ஆடு நல்ல கொழுகொழு என்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ்_பெருங்குடி:
நடுவில் ஒரு வார்த்தை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, திடீரென்று மலம் போகிற பழக்கம் மாறுவது, இதில் எது இருந்தாலும் பழத்தை வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை வியாதி இருந்தாலும் பழத்தின் அளவை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு மாம்பழம், ஆப்பிளில் இருக்கிற ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரையைக் குடல் சரியாக உறிஞ்சாது, அதனாலும் இதே உப்புசம் வரும். ஒரு பழத்தை நிறுத்திப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

தெப்பக்குளத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அம்மா சொன்ன எதுவும் எனக்கு இல்லை, சர்க்கரையும் இல்லை, போன மாதம்தான் பார்த்தது. ஆயக்குடிக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை, ராத்திரி புரோட்டாவுக்கு மேலேதான் தின்றேன். தண்ணீர், காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு டம்ளர், மீதி எல்லாம் டீ.

மூன்று வாரமாக அக்கா கணக்குப்படி போகிறேன், இப்போது காலை பதினொரு மணிக்கு ஒரு கொய்யா. புரோட்டா இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது, முழுக்க விடச் சொன்னால் முடியாது. காலையில் முன்பு அரை மணி நேரம் பேப்பரோடு உட்கார்ந்தவன், இப்போது தலைப்புச் செய்தி முடிவதற்குள் வந்துவிடுகிறேன். ஃபேனும் பழையபடி என் பக்கம் திரும்பிவிட்டது.

லேப்_அக்கா:
நல்லது அண்ணே. நிறுத்திவிடாதீர்கள், சாப்பாடு மாறினால் குடல் பாக்டீரியா சில நாளிலேயே மாறும், பழைய சாப்பாட்டுக்குப் போனால் அதே வேகத்தில் பழையபடி ஆகிவிடும். அப்புறம் அந்த மீதிக் கொய்யா என்ன ஆச்சு?

தெப்பக்குளத்துக்காரன்:
ஜூஸ் கடைக்காரர் ஆட்டுக்குத்தான்.