கீமோ நடக்கும்போது நீங்கள் நடந்தீர்களா? உடம்பை அசைத்த கதைகளை எழுதுங்கள்

மெதுநடை:

மார்பகப் புற்றுநோய். அறுவை, கீமோ, ரேடியேஷன் மூன்றும் முடிந்து இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும் ஓடுகிறது. மருந்து, முடி, வாந்தி பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசிவிட்டோம். உடற்பயிற்சி என்று வந்தால் மட்டும் "நடங்க, நல்லது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த நாளில், எவ்வளவு, எதைத் தொடக்கூடாது என்பதுதானே நமக்கு வேண்டும்? நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ. போட்ட அன்றும் மறுநாளும் ஸ்டீராய்டு தெம்பில் திரிவேன், இரவில் தூக்கம் வராது. அந்தத் தெம்பு இறங்கியதும் உடம்பு அப்படியே விழும். தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் மாலையில் இன்னும் மோசமாக இருக்கும். அதனால் அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு வேலைதான்: பாத்ரூமுக்கு எழுந்தால் உடனே திரும்பிப் படுக்காமல் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது. இரண்டாம் வாரத்தில் சுற்றுகள் கூடும். மூன்றாம் வாரத்தில் வெளியே போய் நன்றாகவே நடப்பேன். அடுத்த ஊசி போட்டதும் மறுபடி பாத்ரூம் சுற்று. வாரத்துக்கு இத்தனை நாள் என்று அட்டவணை போடுகிறவர்கள் நம் சுற்றைப் பார்த்ததில்லை. ஒரு கீமோவுக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதையும் ஒரு கணக்காக வைத்துக்கொண்டால் மனசு உடையாமல் இருக்கும்.

வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எனக்குச் சொல்லித்தந்த அளவு இவ்வளவுதான். கீமோவில் இதயத்துடிப்பு தாறுமாறாக ஏறும் நாட்களில் கைக்கடிகாரத்தை நம்புவதைவிட இது உருப்படியானது.

அடுத்தது கை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெரியம்மாவும் சித்தியும் "அந்தக் கையால ஒரு சொம்புகூடத் தூக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிசியோதெரபிஸ்ட் அதற்கு நேர் எதிர். சுவர் பக்கம் நிற்கவைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னார். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. முதல் கோடு என் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. சில வாரங்கள் கழித்து இன்னொரு தொல்லை: அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிற்றை இழுத்துக் கட்டியது மாதிரி ஒன்று புடைத்து நின்றது. பயந்துபோனேன். அறுவைக்குப் பின் பலருக்கு வருவதுதான், மெதுவாக நீட்டி நீட்டித்தான் தளர்த்த வேண்டும் என்றார். கோடு ஏற ஏற அதுவும் கரைந்தது.

எடை தூக்கினால் கை வீங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏற்கெனவே நிணநீர் தேங்கிக் கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2009-இல் வெளியானது. ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு முறை எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. தூக்காதவர்களைவிட அவர்களுக்குத் திடீர் வீக்கத் தொந்தரவு குறைவாகவே வந்தது. ஆனால் கவனிக்க வேண்டியது, அவர்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு, சொல்லித்தர ஆள் வைத்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அதற்கும் முன்னால் 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் (பலர் வரிசையாக உட்கார்ந்து ஓட்டும் நீளப் படகு) துடுப்புப் போட வைத்தார். மேல் உடம்புக்குக் கடும் வேலை கொடுத்தால் கை வீங்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். ஒருவருக்கும் புதிதாக வீங்கவில்லை. நம் பெரியம்மாக்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டம்பெல் தூக்குகிறேன். ஹார்மோன் மாத்திரையால் காலையில் மூட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். நடந்தால்தான் இளகும்.

இரண்டாம்மாடி:

மெதுநடை அக்கா, சுவரில் கோடு போடும் பயிற்சியை என் தங்கைக்கு எழுதி அனுப்பிவிட்டேன், அவளுக்கும் அதே அறுவைதான்.

எனக்குப் பெருங்குடல். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டார்கள். போட்டவர்களுக்குத் தெரியும், சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் ஷாக் அடிக்கும். குளிர்ந்த காற்றை இழுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது போலிருக்கும். 'அதிகாலை நடை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வெயில் ஏறியபின் நடப்பேன், இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே.

போகப் போகப் பாதம் மரத்துப்போனது. இதைப் பற்றி எச்சரிப்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகச் சொல்கிறேன். பாதத்துக்குத் தரை தெரியாவிட்டால் விழுவது சுலபம். மாடிப்படி ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான். கடைசிப் படி வந்துவிட்டது என்று கால் நினைக்கும், வந்திருக்காது. கைப்பிடியைப் பிடிக்காமல் இன்றுவரை நான் இறங்குவதில்லை. செருப்பை விட்டுவிட்டுக் கட்டும் ஷூவுக்கு மாறினேன். இரவில் இரண்டு பாதத்தையும் திருப்பிக் கண்ணாடியில் பார்ப்பேன், ஏனென்றால் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. ஒருமுறை சின்னக் கல் ஒன்று ஷூவுக்குள் கிடந்திருக்கிறது, நடந்து முடித்துக் கழற்றும்போது சாக்ஸில் ரத்தம். மிகவும் மோசமான மாதங்களில் நிலையான சைக்கிள்தான் கைகொடுத்தது. விழ வாய்ப்பில்லை பாருங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. இதைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும்.

கொஞ்ச காலம் வயிற்றில் ஸ்டோமா பையும் (வயிற்றில் திறப்பு வைத்து மலம் சேரும் பை) இருந்தது. அப்போது கனமாகத் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும் அபாயம் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்காதே, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

நம் வகைக்காரர்களுக்காக ஒன்று. 2025-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. பெருங்குடல் அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப் பேருக்கு உடல்நலக் கையேடு மட்டும். மீதிப் பேருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் கூடவே. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 90.3, கையேட்டுக் குழுவில் 83.2. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் வாட்ஸாப்பில் சுற்றும்போது விட்டுப்போகிற இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இது கீமோ முடிந்தபின் தொடங்கிய பயிற்சி. இரண்டு, தசை, மூட்டுத் தொந்தரவு பயிற்சிக் குழுவில் அதிகம், 18.5-க்கு 11.5 சதவீதம். என்னைக் கேட்டால் அங்கே வேலை செய்தது அந்தக் கூடவே இருந்த ஆள்தான். கையேடு என்னிடமும் இருக்கிறது, அலமாரியில்.

அக்காவின்தம்பி:

நோயாளி நான் இல்லை, என் அக்கா. ரத்தப் புற்றுநோய், வாரக்கணக்கில் தனி அறை. வெள்ளணு குறைவு, வெளியே போகக் கூடாது. நெஞ்சில் கேதீட்டர் (மருந்து ஏற்றும் குழாய்), அதனால் நீச்சலெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. ஜிம்மும் கூடாது, தொற்று வரும்.

அங்கே தினமும் காலை ரத்த ரிப்போர்ட் வந்தபிறகுதான் அன்றைய பயிற்சி முடிவாகும். பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணு) இறங்கியிருந்தால் எடை, ரப்பர் பேண்ட் எல்லாம் மூடிவைத்துவிட வேண்டும், முக்கினாலோ இடித்துக்கொண்டாலோ ரத்தக்கசிவு ஆகலாம். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் எழுந்ததும் தலை சுற்றும், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதை உங்கள் வார்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது.

பெரும்பாலான நாள் செய்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. தொடைத்தசைதான் முதலில் போகிறது, ஸ்டீராய்டு வேறு அதைத் தின்கிறது. முதல் வாரம் "நீ வந்து இந்த ஊசியப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுக் காட்டுடா, பார்ப்போம்" என்று கத்தினாள். நான் வெளியே போய் நின்றேன். பத்து நிமிடம் கழித்து உள்ளே எட்டிப்பார்த்தால் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் 'செய்' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. காலை ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டுவதோடு சரி.

ரிட்டயர்டு வாத்தியார்:

ஆண்கள் யாரும் இதை எழுத மாட்டீர்கள் என்று தெரியும், நானே எழுதுகிறேன். புராஸ்டேட். அறுவைக்குப் பிறகு சிறுநீர் கட்டுப்படவில்லை. இடுப்படித்தளத் தசைப் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. அறுவைக்கு முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். மாதங்கள் ஆயின, பலன் உண்டு. அதற்குப் பிறகு ஹார்மோன் ஊசி. அது தசையையும் எலும்பையும் கரைக்கும், இடுப்பில் கொழுப்பு ஏற்றும். வெறும் நடை இதற்குப் போதாது தம்பிகளா, எடை தூக்கித்தான் ஆக வேண்டும். எழுபது வயதில் டம்பெல் வாங்கினேன். கடைக்காரர் பேரனுக்கா என்று கேட்டார்.

ஜன்னலோரம்:

எல்லாம் படித்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு எலும்புக்குப் பரவிவிட்டது, முதுகெலும்பில் இரண்டு இடம். 'உடற்பயிற்சி செய்தால் வராது' என்ற பேச்சு எங்களைப் போன்றவர்கள் காதில் 'நீ செய்யவில்லை, அதனால் வந்தது' என்றுதான் விழும். நான் வருஷக்கணக்காக ஓடியவள். இரண்டாம்மாடி தம்பி அப்படி எழுதவில்லை, தெரியும். இப்படிச் செய்திகளை அனுப்பிவைக்கிற சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

பரவியபின் அசையவே கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். புற்றுநோயாளிகளோடு பழகிய பிசியோதெரபிஸ்ட் ஸ்கேனைப் பார்த்துவிட்டு எனக்கென்று ஒரு தாள் எழுதித் தந்தார். குனிந்து கால்விரலைத் தொடக்கூடாது. இடுப்பை முறுக்கக் கூடாது. குதிக்கக் கூடாது. கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போது உடம்பை மொத்தமாக ஒருபக்கம் புரட்டி, கையை ஊன்றி எழ வேண்டும். தாளின் மறுபக்கம் செய்யக்கூடியவை: நடை, உட்கார்ந்து எழுதல், முதுகை நேராக வைத்துக்கொண்டு லேசான ரப்பர் பேண்டை இழுப்பது. செய்யக்கூடாதவை ஐந்து வரி, செய்யக்கூடியவை ஒரு பக்கம். அதைப் பார்த்ததும்தான் பயம் விட்டது.

இன்னொன்றும் சொன்னார். இரவில் எழுப்புகிற புதிய முதுகுவலி, கால் திடீரென்று பலமிழப்பது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியினால் வந்த வலியாக இருக்கும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தண்டுவடம் நசுங்கலாம். இதைத் தயவுசெய்து எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் நடப்பது பிழைக்க அல்ல. யாரையும் கூப்பிடாமல் நானே குளிக்க வேண்டும், அதற்கு.

மெதுநடை:

ஜன்னலோரம், நீங்கள் சொன்ன எரிச்சல் எனக்கும் உண்டு. அந்தத் தாளைப் படமெடுத்துப் போட முடியுமா என்று கேட்க வந்தேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. அது உங்கள் ஸ்கேனுக்கு எழுதியது, வேறொருவர் முதுகுக்குப் பொருந்தாது. எலும்புக்குப் பரவியவர்கள் தங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் அன்று பயிற்சி கிடையாது, கீமோவில் இருப்பவர்கள் நேரே மருத்துவருக்கு ஃபோன் போட வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தாலும் அப்படித்தான். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கும், அவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

வாய், கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் ஒருவரும் எழுதவில்லை. தாடைப் பயிற்சி, தோள் தொங்கிப்போவது பற்றி என் பக்கத்துக் கட்டில் அம்மா அரைகுறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அனுபவித்தவர்கள் யாராவது வந்து எழுதுங்கள்.